காயலான் கடையை முந்திக்கொண்ட ஹோட்டல்காரர்

நம் சங்க மலரில் ஒவ்வொரு கூடலுக்கும் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வருவது வழக்கம். விஸ்வேஸ்வரய்யா வந்துவிட்டார், ஜி.டி. நாயுடு வந்துவிட்டார். இந்தத் தடவை மலர்க் குழு என் தலையில் கட்டியபோது, கொஞ்சம் வேறு மாதிரி ஒரு ஆசாமியைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. அவர் எஞ்சினியர் இல்லை. எதையும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஹோட்டல் நடத்தியவர். ஹோட்டலென்றால் நம் ஊர் அர்த்தத்தில், சாப்பாட்டுக் கடை. போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். ஹோட்டலில் வந்த காசையெல்லாம் போர்க்காலத்து விமானங்களை வாங்குவதிலும், காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் அவற்றைத் தூக்கி வருவதிலும் கொட்டியவர். டேவிட் டாலிஷே என்று பெயர்.

அவர் சேர்த்த விமானங்களில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. அந்தக் கதைக்காகவே இந்தக் கட்டுரையை ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டாலிஷே 1922 டிசம்பர் 20-ல் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் பிறந்தார். இருபதைத் தாண்டிய வயதில், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் தார்ப் அபட்ஸ் என்ற விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்தது 100-வது குண்டுவீச்சுப் பிரிவு. 'ரத்தக்களரி நூறு' என்பது அதற்கு மற்றவர்கள் வைத்த பட்டப் பெயர். சும்மா வைக்கவில்லை. 1943 அக்டோபர் 10-ல் ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரத்தைத் தாக்கப் போன அந்தப் பிரிவின் 13 விமானங்களில் 12 திரும்பவில்லை. 1944 மார்ச் 6-ல் பெர்லினுக்குப் போன அன்று 15 விமானங்கள் போயின. விமானத்துக்குப் பத்துப் பேர் வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். டாலிஷே போய்ச் சேர்ந்தபோது நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், ராத்திரி சாப்பாட்டில் பக்கத்து நாற்காலி காலியாகும் தளமாகத்தான் அது கடைசி வரை இருந்தது.

அவர் ஓட்டியது பி-17. நாலு எஞ்சின், ஒவ்வொன்றும் 1,200 குதிரை சக்தி. இருபத்தையாயிரம் அடி உயரத்தில் பறக்கும். ஆனால் உள்ளே இன்றைய பயணிகள் விமானம் மாதிரி காற்றழுத்தமோ கதகதப்போ கிடையாது. வெறும் அலுமினியத் தகடு, அதற்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிர். ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தடவை போய்வந்து, முழுசாக ஊர் திரும்பினார்.

போர் முடிந்த பிறகு அந்த விமானங்களுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பி-17 மட்டும் 12,731 கட்டினார்கள். லிபரேட்டர் என்ற பி-24 பதினெட்டாயிரத்துக்கும் மேலே. 1945-ல் ஒரே நாளில் அத்தனையும் வேண்டாத பொருளாகிவிட்டன. அரிசோனாவில் கிங்மன் என்ற ஊர். பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். இறக்கையை வெட்டி, உடம்பைத் துண்டாக்கி, உலையில் போட்டு உருக்கி அலுமினியக் கட்டிகளாக வார்த்தார்கள். தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து, ஒரு தடவைகூடப் போருக்குப் போகாத புத்தம் புது விமானங்களும் அதில் உண்டு.

பால் மான்ட்ஸ் என்று ஹாலிவுட்டில் சாகச விமானி ஒருவர் இருந்தார். 1946-ல் ஓக்லஹோமாவில் அப்படி நிறுத்தியிருந்த 475 விமானங்களை மொத்தமாக 55,000 டாலருக்கு ஏலம் எடுத்தார். விமானம் ஒன்றுக்குச் சராசரி விலை 116 டாலர் கூட ஆகவில்லை! சினிமாவுக்கு வேண்டிய ஒரு டஜனை வைத்துக்கொண்டு மீதியைக் காயலான் கடைக்குத்தான் போட்டார். அந்தக் காலத்தின் கண் அப்படி. முந்தாநாள் போரின் மிச்சத்தை யார் சரித்திரமென்று நினைப்பார்கள்? பீரோ புதுசாக வந்தால் தாத்தாவின் மரப்பெட்டியைத் தூக்கிப் பரணில் போடுகிற புத்திதான். பரணாவது பரவாயில்லை. இவர்கள் உலையில் அல்லவா போட்டார்கள்.

டாலிஷேயும் அப்போது விமானங்களை நினைக்கவில்லை. பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹில்டன் நிறுவனத்தில் ஹோட்டல் நிர்வாகம் கற்றுக்கொண்டு, 1950-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரத்துக்கு வந்தார். அங்கே ஜார்ஜ் மில்லே என்பவருடன் கூட்டுச் சேர்ந்து 1958-ல் துறைமுகத்தை ஒட்டி 'தி ரீஃப்' என்ற சாப்பாட்டுக் கடையைத் திறந்தார். தென் பசிபிக் தீவு மாதிரி மூங்கிலும் கூரையும் போட்ட கடை. (இந்த மில்லே பிற்பாடு 'சீ வேர்ல்ட்' நீர்க்காட்சிப் பூங்காவைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். கூட்டாளிகள் இருவருமே வேடிக்கை காட்டிக் காசு பண்ணத் தெரிந்தவர்கள்.)

அங்கிருந்து டாலிஷேயின் மூளை ஒரே திசையில் ஓடியது. சாப்பிட வருகிறவன் சாப்பாட்டுக்கு மட்டும் வரவில்லை, இரண்டு மணி நேரம் வேறொரு இடத்தில் இருந்துவிட்டுப் போக வருகிறான் என்பது அவர் கட்டிய கடைகளைப் பார்த்தாலே தெரியும். சான் பெட்ரோ துறைமுகத்தில் 'போர்ட்ஸ் ஓ கால்' என்று பழைய மீனவ கிராமம் மாதிரி ஒன்று. 'பேபி டோஸ்' என்று பழைய வெள்ளிச் சுரங்கம் மாதிரி ஒன்று. கடைசியில் நூறை ஒட்டி வந்துவிட்டது எண்ணிக்கை. ஏதாவது ஒரு கருவை வைத்து உணவகம் கட்டுகிற வியாபாரத்துக்கே அவரைத் தந்தை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

அவற்றில் நமக்கு வேண்டியவை விமான நிலையங்களை ஒட்டி அவர் கட்டியவை. '94-வது ஏரோ ஸ்க்வாட்ரன்' என்பது முதல் உலகப் போரில் எடி ரிக்கன்பேக்கர் இருந்த விமானப் பிரிவின் பெயர். அந்தப் பெயரில் ஒரு பிரெஞ்சுப் பண்ணை வீட்டை அப்படியே எழுப்பினார். சுவரில் குண்டு பட்டுச் சிதைந்த மாதிரி ஓட்டை. வாசலில் மணல் மூட்டை. முற்றத்தில் பழைய ராணுவ லாரி, ஆம்புலன்ஸ், பீரங்கி. சாப்பாட்டு மேஜை ஜன்னலைப் பார்த்து; ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை. மேஜையில் ஒரு ஹெட்ஃபோன் இருக்கும். காதில் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் டவர் விமானிகளோடு பேசுவது கேட்கும். கையில் ஃபோர்க், காதில் டவர், கண்ணெதிரே இறங்குகிற விமானம். குழந்தைகளோடு வந்த குடும்பம் எழுந்து போகுமா? விமான இரைச்சலுக்குப் பயந்து மற்றவன் வாங்க மறுக்கிற நிலம்தான் இவருக்கு முதல் தரமான மனை. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தை ஒட்டி 'ப்ரௌட் பேர்ட்' என்று இன்னொன்று. அதன் தோட்டத்தில் போர் விமானங்களே நின்றன, சில அசல், சில மாதிரி.

அலங்காரத்துக்காகப் பழைய ராணுவ வண்டியும் விமானமும் தேடப் போனவர் திரும்பவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் சினோ என்ற ஊரின் விமானத் தளத்தில் 'யெஸ்டர்டேஸ் ஏர் ஃபோர்ஸ்' என்று ஓர் அமைப்பு ஆரம்பித்தார். நேற்றைய விமானப் படை! பெயரிலேயே ஆள் தெரிகிறார். கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில் அதன் கிளையாகத் தொடங்கியதுதான் பிற்பாடு 'காம்பாட் ஏர் மியூசியம்' ஆயிற்று. உச்ச காலத்தில் அவர் கையில் இருந்த விமானங்கள் நூறுக்கும் மேலே. முழுசாக, பாதியாக, மூட்டையாக எல்லாம் சேர்த்து.

எப்படிச் சேர்த்தார் என்பதற்கு இரண்டு மூன்று உதாரணம் சொல்கிறேன்.

1942 ஜனவரியில், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழித்து, அலாஸ்காவுக்கு அவசரமாக அனுப்பிய பி-26 மராடர் விமானங்களில் மூன்று, கனடாவின் வடக்கில் பனிப்புயலில் வழி தவறின. பெட்ரோல் தீர்வதற்குள் ஏதோ ஒரு பனிப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டன. ஆட்கள் அத்தனை பேரும் தப்பித்தார்கள். விமானங்கள் அங்கேயே கிடந்தன. அத்தனை பணம் அங்கே கிடக்கிறதே என்று அந்தப் பள்ளத்தாக்குக்கே 'மில்லியன் டாலர் வேலி' என்று பெயர் வந்துவிட்டது.

பி-26 கொஞ்சம் முரட்டுக் குதிரை. இறக்கை சின்னது, இறங்கும் வேகம் அதிகம், புது விமானிகளை நிறையக் காவு வாங்கியது. 'விதவையாக்கி' என்று கெட்ட பெயர். அதனால் பின்னால் இறக்கையை நீட்டி மாற்றினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் கிடந்தவை மாற்றுவதற்கு முந்தைய முதல் வகை. மொத்தமே 201 தான் கட்டினார்கள். பி-26 எல்லாமாகச் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம் கட்டியும், போருக்குப் பிறகு உலகத்தில் மிஞ்சியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1971-ல் டாலிஷேயின் ஆட்கள் அங்கே போய், மூன்றையும் பிரித்துத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்தார்கள். முப்பது வருஷம் பனிக்குள் கிடந்தது ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. குளிர்ந்து வறண்ட இடத்தில் அலுமினியம் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. மெட்டலர்ஜி வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது தெரியும்.

மூன்றில் நல்லதாக இருந்த ஒன்றை எடுத்துச் சீர் செய்ய ஆரம்பித்தார்கள். அது மறுபடி ஆகாயத்தில் ஏறியது 1992-ல். இருபத்தோரு வருஷம்! ரிவெட் ரிவெட்டாகக் கழற்றி, ஒடிந்த பாகத்துக்கு மாதிரி வைத்துப் புதிதாகத் தட்டி, கிடைக்காத பாகத்துக்காக ஊரெல்லாம் அலைந்து செய்கிற வேலை. வரைபடம் இருந்தால் புண்ணியம். இதே வகையில் பறந்துகொண்டிருந்த இன்னொரு மராடர் 1995-ல் டெக்சாஸில் விழுந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் பறக்கத்தக்க நிலையில் இருந்த மராடர் டாலிஷே மீட்டது ஒன்றுதான்.

அடுத்தது பப்புவா நியூ கினி. வட கரையில் ஐடாபே பக்கத்தில் டாட்ஜி என்ற பழைய ஓடுபாதை. ஜப்பானியர்களிடமிருந்து 1944 ஏப்ரலில் நேசநாடுகள் பிடித்தது. போர் முடிந்ததும் அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும் ஓடாத விமானங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். முப்பது வருஷத்தில் காடு மூடிவிட்டது. சார்லஸ் டார்பி, மான்டி ஆம்ஸ்ட்ராங் என்ற இரண்டு நியூசிலாந்துக்காரர்கள் இந்தச் சிதைவுகளைக் கத்தரித்து வைத்த மாதிரி விவரமாக அறிந்தவர்கள். அவர்களோடு சேர்ந்து 1974-ல் டாலிஷே அங்கேயிருந்து கப்பலில் ஏற்றியது பி-40, பி-39, போஃபோர்ட் என்று ஒரு படை. லண்டனில் ஹென்டனில் உள்ள ராயல் விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு போஃபோர்ட் விமானத்தைப் பார்க்கலாம். பிரிட்டனில் வடிவமைத்து, பிரிட்டனில் ஒன்றுகூட மிஞ்சாமல் போன ரகம். டாட்ஜி காட்டிலிருந்து டாலிஷே கொண்டுபோன பாகங்களை வைத்துத்தான் அதைக் கட்டி நிறுத்தினார்கள்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1974 என்றால், பப்புவா நியூ கினி சுதந்திரம் அடைவதற்கு ஒரு வருஷம் முன்னால். 1975 செப்டம்பர் 16-ல்தான் அந்த நாடே பிறந்தது. அந்த மண்ணில் நடந்த போர் அந்த மக்கள் கேட்ட போர் இல்லை. அவர்கள் தோட்டத்தில் விழுந்த இரும்பு அவர்களுடையதா, விட்டுப்போனவனுடையதா, தேடி எடுத்தவனுடையதா? அன்று கேட்க ஆளில்லை. பிற்பாடு கேட்டார்கள். அதே நாட்டின் ஒரு சதுப்பு நிலத்தில் 1942 முதல் கிடந்த 'ஸ்வாம்ப் கோஸ்ட்' என்ற பி-17-ஐ 2006-ல் வெளியே எடுத்தபோது பெரிய தகராறு எழுந்து, லே துறைமுகத்திலேயே அது நாலு வருஷம் நின்றது. 2010-ல்தான் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்த முயற்சிக்கான பழைய ஒப்பந்தத்திலும் டாலிஷேயின் நிறுவனம் இருந்தது. எடுத்திராவிட்டால் இன்று அது துருவாகிப் போயிருக்கும் என்பதும் நிஜம். எடுத்ததில் அந்த ஊர்க்காரனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் நிஜம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அடைத்துவிட முடியாது.

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன்.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை நம் நாட்டில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை வைத்திருந்தது. அவை அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை. போர் முடிந்ததும், ஒப்பந்தப்படி வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, திருப்பி அனுப்பவும் கட்டுப்படியாகாது. கான்பூரில் ஒரு கிடங்கில் வரிசையாக நிறுத்தி, இனி பறக்கவே கூடாது என்று வேலை மெனக்கெட்டுச் சிதைத்தார்கள். கருவிகளை உடைத்தார்கள், உடம்பில் பொத்தல் போட்டார்கள், எஞ்சினில் மண்ணைக் கொட்டினார்கள். அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள்.

சுதந்திர இந்தியாவுக்குக் கையில் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அப்போது பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்க்ராஃப்ட் கம்பெனிக்காரர்கள் கான்பூர் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். அந்தத் தொழிற்சாலை போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் பட்டறையாக இருந்தது. அங்கே இருந்த கைகளுக்கு அமெரிக்க எஞ்சின் புதிதில்லை. ஒன்றின் இறக்கையை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டு, மண்ணைக் கழுவி, பொத்தலை அடைத்து, பெங்களூர் வரைக்கும் பறந்து வந்து சேருகிற அளவுக்கு மட்டும் கான்பூரிலேயே சரி செய்வார்கள். பிறகு கம்பெனியின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அதை ஓட்டிக்கொண்டு பெங்களூர் வருவார். அந்த நாலு எஞ்சின் பூதத்தை ஓட்ட முறையான பயிற்சியெல்லாம் கிடையாது. அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் விடை வரும். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை இப்படிக் கொண்டுவந்து, பெங்களூரில் முழுசாகப் புதுப்பித்தார்கள். 1948 நவம்பரில் 5-வது ஸ்க்வாட்ரன் லிபரேட்டரோடு எழுந்தது. அதற்கப்புறம் 6-வது ஸ்க்வாட்ரன் கடல் கண்காணிப்புக்கு அதே விமானங்களைப் பூனாவிலிருந்து ஓட்டியது.

கட்டிய அமெரிக்காவே எப்போதோ உருக்கித் தீர்த்துவிட்ட விமானத்தை நாம் 1968 கடைசி வரைக்கும் ஓட்டினோம். உலகத்திலேயே லிபரேட்டரைக் கடைசியாகப் படையில் வைத்திருந்தது இந்தியாதான். ஓய்வு கொடுத்த பிறகுதான் வெள்ளைக்கார அருங்காட்சியகங்களுக்கு விஷயம் தெரிந்தது: பதினெட்டாயிரம் கட்டிய விமானத்தில் நல்லபடியாக இருப்பவை பூனாப் பக்கம் நிற்கின்றன! கனடா ஒன்று வாங்கிப் போயிற்று. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகம் ஒன்று. பிரிட்டிஷ்காரனே, தான் மண்ணைக் கொட்டிவிட்டுப் போன அதே வரிசையிலிருந்து, ஒன்றைத் திரும்ப வாங்கிப் போனான்.

1973-ல் டாலிஷே ஒன்று வாங்கினார். நம் விமானப் படையில் எச்.இ. 771 என்ற எண். கப்பலில் ஏற்றவில்லை, பூனாவிலிருந்து கிளம்பி, இங்கிலாந்து வழியாக, அட்லாண்டிக்கைத் தாண்டி, பறந்தே அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வயது முப்பதை நெருங்கிய விமானம். நடுவில் ஒரு தடவை கொலை செய்யப்பட்டுப் பிழைத்த விமானம். பாதி உலகத்தைச் சுற்றிப் போய் இறங்கியது என்றால், பெங்களூர்ப் பட்டறைக் கைகளுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்? இன்று உலகத்தில் முழுசாக மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்கள் ஒரு டஜனைச் சுற்றித்தான்; டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்பதையும் சேர்த்து அதில் ஆறு நம் ஆட்கள் கை பட்டவை. டாலிஷேக்குச் சரித்திரத்தைக் காப்பாற்றியவர் என்று பேர் கிடைத்தது, அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு விமானத்தைப் பொறுத்தவரை அவர் இரண்டாவது ஆள். முதல் தடவை காப்பாற்றியவர்கள் சரித்திரத்துக்காகச் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. நம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் வேலையில் அரத்தை வைத்து விரலைத் தேய்த்துக்கொண்ட நாமெல்லாம் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

டாலிஷேயைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. சேர்த்தாரே தவிர முடித்தாரா என்பது அவர்கள் கேள்வி. நூறு விமானம் வாங்கினால் நூறுக்கும் கூரை வேண்டும், ஆள் வேண்டும், எஞ்சின் வேண்டும். ஹோட்டல் நூறு இருந்தாலும் அதற்குப் போதாது. பல விமானங்கள் திறந்த வெளியில் வருஷக்கணக்காக நின்றன. பல, பெட்டிக்குள் பாகங்களாகவே இருந்தன. ஒன்றை விற்று அல்லது மாற்றிக் கொடுத்து இன்னொன்றைச் சரி செய்கிற பிழைப்பு. எச்.இ. 771 கூட அவரிடமிருந்து கைமாறி ஃப்ளோரிடாவின் கெர்மிட் வீக்ஸிடம் போனது. இருபத்தோரு வருஷம் உழைத்துப் பறக்கவிட்ட அந்த மராடரும் பின்னால் அதே வீக்ஸிடம் போயிற்று. பள்ளத்தாக்கின் இன்னொரு மராடர் ஒஹையோவில் ஒரு அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் கையில்.

என் அபிப்பிராயம் வேறு. முடிக்கிறவன் வேறு ஆள், எடுத்து வைக்கிறவன் வேறு ஆள். நம் கல்லூரியிலேயே வெட்டிக் காட்டிய பழைய ஏரோ எஞ்சின் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டபோது, சரி செய்யத் தெரிந்தவர் நம்மிடையே ஐம்பது பேர் இருந்தார்கள். வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்கிறேன் என்று தூக்கிப் போக ஒருத்தர் இல்லை. 1971-ல் மராடரைப் பனியிலிருந்து எடுக்காமல், முதலில் கூரை கட்டிவிட்டு வருவோம் என்று டாலிஷே உட்கார்ந்திருந்தால் வேறு யாரோ அதைத் தகடாக வெட்டி எடுத்துப் போயிருப்பார்கள். வீக்ஸ் வாங்குவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் 1989. 'மெம்ஃபிஸ் பெல்' என்று ஒரு படம் எடுக்க இங்கிலாந்தில் ஏற்பாடாகியிருந்தது. பி-17 குழு ஒன்று தன் கடைசிப் பயணத்தை முடித்துத் திரும்புகிற கதை. பறக்கிற பி-17 வேண்டும். ஐரோப்பாவில் மூன்றுதான் கிடைத்தன. அமெரிக்காவிலிருந்து இரண்டு வர வேண்டும். அதில் ஒன்று டாலிஷேயுடையது. போருக்குப் பிறகு காட்டுத் தீயணைக்கும் விமானமாக உழைத்து ஓய்ந்த பி-17. அதை ஓட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் டாலிஷேயேதான். வயது 66.

நாலு எஞ்சினும் பழசு. கீழே கடல். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டு வயதுப் பையனாக உட்கார்ந்த அதே வகை இருக்கை. அந்தப் பயணத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று நான் கதை கட்டப் போவதில்லை. படப்பிடிப்பு சும்மா விளையாட்டாகவும் இல்லை. ஜூலை 25 அன்று பிரான்சிலிருந்து வந்திருந்த பி-17, பின்புரூக் தளத்தில் கிளம்பும்போதே தடம் விலகிப் போய் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் தப்பியது தெய்வாதீனம். படம் 1990-ல் வந்தது. டாலிஷேயின் விமானம்தான் அதில் மெம்ஃபிஸ் பெல்லாக நடித்தது. பிறகும் அந்த வேஷத்தைக் கலைக்காமல் அதே பெயரோடு விமானக் கண்காட்சிகளில் பறந்தது. அசல் மெம்ஃபிஸ் பெல் அப்போது டென்னசியில் நின்றுகொண்டிருந்தது. பல வருஷ வேலைக்குப் பிறகு 2018-ல்தான் ஒஹையோ டேட்டன் நகரின் விமானப் படை அருங்காட்சியகத்தில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

டாலிஷே 2007 அக்டோபர் 31-ல் கலிஃபோர்னியாவில் ஆரஞ்ச் நகரத்தில் தம் வீட்டில் காலமானார். வயது 84. கம்பெனியை மகன் எடுத்து நடத்தினார். கருவை வைத்துக் கட்டிய உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. ரசனை மாறிவிட்டது, குண்டு பட்ட பண்ணை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அடுத்த தலைமுறைக்கு ஆசையில்லை. சான் பெட்ரோவின் போர்ட்ஸ் ஓ கால் 2018-ல் புல்டோசருக்குப் போயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் ப்ரௌட் பேர்ட் மூடப்போகிறது என்று 2013-ல் அறிவித்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. புதுப்பித்து 2017-ல் மறுபடி திறந்தார்கள். தோட்டத்து விமானங்களையும் வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர். டிஸ்னி பார்த்து அலுத்துப்போனால், அரிசோனாவின் டூசானில் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே நிற்கும் லிபரேட்டர் டாலிஷே வாங்கியது இல்லை, ஆனால் நம் விமானப் படையிலிருந்து போனது. கான்பூரில் சாகடித்து, பெங்களூரில் பிழைத்ததில் அதுவும் ஒன்று. லண்டன் போகிறவர்கள் ஹென்டனில் அந்த போஃபோர்ட்டைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் கொஞ்சம் கிட்டே போய், ரிவெட் வரிசையைக் கவனியுங்கள். பழைய தகடும் புதுத் தகடும் சேருகிற இடம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.